அடையாளம் அக்காவும் ஒரு மனுதாரரும்

“கறுப்புக் குடைன்னா உள்ள நூத்தி நாப்பது இருக்கு. உங்க குடைக்கு என்ன அடையாளம்?”

கவுண்டருக்கு வெளியே நிற்பவர் கூரையைப் பார்க்கிறார். “பிடி வளைஞ்சிருக்கும்.”

“எல்லாப் பிடியும் வளைஞ்சுதான் இருக்கும்.”

“கம்பி… ஒரு கம்பில துணி விட்டுப் போச்சு. மூணாவது கம்பியா, நாலாவதா… வீட்டுல வெள்ளை நூல் போட்டுத் தைச்சாங்க. வெள்ளையா அது, இல்ல சாம்பலா…”

அவர் முடிப்பதற்குள் அக்கா எழுந்து உள்ளே போய்விடுகிறார். கோபித்துக்கொண்டு போகிறாரோ என்று அந்த மனிதர் பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கிறார். இரண்டு நிமிடத்தில் குடை வந்துவிடுகிறது. தைத்திருக்கும் நூல் பச்சை. அதைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை பேசுவதில்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மட்டும் பேனாவால் தட்டிக் காட்டுகிறார்.

பேருந்து நிலையத்தின் ஒரு மூலையில், கழிப்பறைக்கும் நேரக்காப்பாளர் அறைக்கும் நடுவே இருக்கிறது தொலைந்த பொருள் அலுவலகம். ஓட்டுநர், நடத்துநர் முதல் டீ கொண்டுவருபவர் வரை எல்லோருக்கும் அவர் அடையாளம் அக்கா. வயது ஐம்பத்து நான்கு. மூக்குக் கண்ணாடியை மூக்கில் போட்டதைவிடத் தலையில் ஏற்றி வைத்திருந்த நேரம்தான் அதிகம். அந்த நீள அறையில் வரிசையாக இரும்பு அலமாரிகள். குடைக்கு ஒரு சந்து, பைக்கு ஒரு சந்து, மூக்குக் கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் பொதுவாக ஒரு மூலை. ஒருமுறை ஓடிக்கொண்டிருந்த சுவர்க் கடிகாரம் ஒன்று வந்தது. அது யாருக்கும் தேவைப்படாமல் ஆறு மாதம் சரியான நேரம் காட்டிவிட்டு ஏலத்துக்குப் போனது.

இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் அக்கா கண்டுபிடித்த ஒரு விஷயம் உண்டு. கேட்பவர்களிடம் மறைக்காமல் சொல்வார்.

“பொருளுக்குச் சொந்தக்காரங்க திக்குவாங்க. தினமும் பாக்குற பொருளை யாருங்க உத்துப் பாக்குறா? ஆனா கதை அளக்க வந்தவன் இருக்கானே, அவன் பாடம் ஒப்பிக்குற மாதிரி கடகடன்னு சொல்லுவான். நான் திக்குறவங்களுக்குக் குடுப்பேன். ஒப்பிக்குறவங்களை உக்கார வைப்பேன்.”

அடுத்த விதி இதைவிடக் கறாரானது. பொருளின் அடையாளத்தை அலுவலகம் ஒருபோதும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. மேலதிகாரி போட்ட விதி இல்லை, அக்கா தனக்குத் தானே போட்டுக்கொண்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பையைக் காணோம் என்று வந்த ஒருவரிடம், “ஜிப்புல சின்ன மணி கட்டியிருக்குமே, அதுவா?” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார். “அதேதாங்க” என்று அந்த ஆள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனான். மறுநாள் காலை ஒரு பெண் வந்து மணி கட்டிய பையைக் கேட்டாள். இறந்துபோன அவளுடைய அப்பாவின் கண்ணாடி அந்தப் பைக்குள் இருந்ததாம். திட்டியிருந்தால்கூடத் தேவலை. “பரவால்லைங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்தப் “பரவால்லைங்க” இன்றைக்கும் அக்காவுக்கு வலிக்கிறது. அன்றிலிருந்து அவர் வாயைப் பிடுங்கி ஓர் அடையாளத்தை வாங்க எவராலும் முடிந்ததில்லை.

இப்படிப்பட்டவரின் போனுக்குள்தான் இந்த வருடத் தொடக்கத்தில் ஏஐ வந்து உட்கார்ந்தது. கொண்டுவந்து உட்கார வைத்தவர் கேப்டன். கேப்டன் என்றால் கப்பல் எதுவும் கிடையாது. இரவு நிறுத்தும் பேருந்துகளை விடியலில் கழுவிப் பெருக்கும் பெண்களுக்குத் தலைவி. இருக்கைக்கு அடியில் கிடைப்பதையெல்லாம் ஒரு தள்ளுவண்டியில் போட்டுக் காலை ஏழரைக்கு அக்காவிடம் ஒப்படைப்பவர். இரண்டு பேரும் ஒரே வயது, ஒரே நேரத்தில் டீ.

“எது வேணும்னாலும் இதுக்கிட்ட கேளு. எனக்கு எங்க மாமியாரோட மாத்திரைச் சீட்டையே படிச்சுச் சொல்லிச்சு” என்றார் கேப்டன்.

அக்காவுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் தன்னிடம் பேச வந்த யாரையும் சோதிக்காமல் விட்ட பழக்கமும் இல்லை. அதனால் தனக்குப் பதில் தெரிந்த கேள்வியாகப் பார்த்து ஒன்றைக் கேட்டார். இந்தப் பேருந்து நிலையத்தில் எத்தனை நடைமேடை? அது கொஞ்சமும் யோசிக்காமல், பன்னிரண்டு நடைமேடைகள், அகலமான நடைபாதைகள், பயணிகள் ஓய்வறை என்று வர்ணித்துத் தள்ளியது. நிலையத்தில் இருப்பது ஒன்பது. ஓய்வறை என்று ஒன்று கிடையவே கிடையாது.

“மாட்டினார் மனுதாரர்” என்றார் அக்கா. பொருள் கேட்டு வருபவர்கள் நிரப்பும் படிவத்தில் அவர்களுக்கு அச்சடித்திருக்கும் பெயர் அது. அன்றிலிருந்து ஏஐக்கும் அதுவே பெயராகிவிட்டது.

ஒன்பதுதான் என்று அவர் திருத்தியதும் அது உடனே மன்னிப்புக் கேட்டது. சுட்டிக்காட்டியதற்கு நன்றியும் சொன்னது. அது அக்காவுக்கு இன்னும் பிடிக்கவில்லை. “பாரு, தப்புன்னு சொன்ன உடனே வழியுது. இந்த மாதிரி எத்தனை பேரைப் பாத்திருக்கேன்.”

“அது என்ன இங்க வந்து எண்ணிப் பாத்துச்சா?” என்று கேப்டன் பரிந்துகொண்டு வந்தார். “அதுக்குத் தெரிஞ்சதைக் கேளுடி.”

அடுத்த மழைக்காலத்தில் குடைச் சந்து நாற ஆரம்பித்தபோது அக்கா இரண்டாவது வாய்ப்புக் கொடுத்தார். அலுவலகக் கடிதம்போலத் தொடங்கினார். “தாங்கள் ஈரக் குடைகளின் துர்நாற்றம் நீங்க வழி கூறவும்.” ஈரத்தோடு மடித்து வைக்காதீர்கள், ஒரு நாள் விரித்து உலர்த்திய பிறகு எண் கட்டுங்கள், அலமாரியின் அடித்தட்டில் கரித்துண்டு வையுங்கள் என்றது. ஒரு வாரத்தில் வாடை குறைந்தது. அக்கா உதட்டைப் பிதுக்கி, “ம், ஒரு மார்க்” என்றார். யாருக்கும் புரியாத எழுத்து அச்சிட்ட ஒரு தகர டப்பாவைப் படம் எடுத்துக் காட்டினார். டீத்தூள் என்றது. மூடியை நெம்பித் திறந்து மோந்து பார்த்தார். டீத்தூள்தான். “ரெண்டு மார்க்.”

மார்க் ஏற ஏறத் ‘தாங்கள்’ போய் ‘நீங்க’ வந்தது. பிறகு ‘நீ’ வந்தது. அதோடு, அதனிடம் பேசுவதற்கு அக்கா தன் தொழிலிலிருந்தே ஒரு வழி கண்டுபிடித்தார். இந்த மனுதாரருக்குத் திக்கவே தெரியாது. தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே குரலில் ஒப்பிக்கும். ஆகவே திக்க வைக்க வேண்டியது நம் வேலை. கேள்வி எதுவானாலும் கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடுவார்: “இதுல உனக்கு நிச்சயமா தெரிஞ்சது எது, ஊகமா சொல்றது எது, தனியா பிரிச்சுச் சொல்லு.” அப்படிக் கேட்ட பிறகு அது கொஞ்சம் நிதானமாகத்தான் பேசியது. கேப்டனின் மாமியார் மாத்திரை விஷயத்தில்கூட, “இந்த ஒரு பெயர் சரியாகப் படிக்க முடியவில்லை, மருந்தாளரிடம் காட்டிக் கேளுங்கள்” என்று இறங்கி வந்தது. அக்காவின் அந்தக் கேள்வி வரியைக் கேப்டன் தன் போனில் எழுதி வைத்துக்கொண்டார்.

இவ்வளவு சாமர்த்தியம் இருந்தும் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரத்தில் அக்கா கோட்டை விட்டார். அது ஒரு நாள் தண்ணீர் போகாமல் நின்று முனக ஆரம்பித்தது. மனுதாரரிடம் கேட்டார். என்ன சத்தம், எப்போதிருந்து, கடைசியாக என்ன துவைத்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டது. “துணி” என்று மட்டும் அடித்தார். இயந்திரம் சமமாக நிற்கிறதா பாருங்கள், குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள் என்றது. சனிக்கிழமை முழுக்கக் கணவரும் மனைவியும் இயந்திரத்தை இழுத்தார்கள், தள்ளினார்கள். கடைசியில் அடியிலிருந்த வடிகட்டியைத் திருகியவர் கணவர். சலவைக் கடைக்கு வேன் ஓட்டுகிறவர், அழுக்குத் துணி விஷயத்தில் அவருக்கும் அனுபவம் உண்டு. வாசல் மிதியடியின் நார் ஒரு கை நிறைய வந்தது.

“மிதியடியையா போட்ட?”

“ஒரு தடவைதான்.”

“அதுக்கிட்ட சொன்னியா?”

“மிதியடியைப் போட்டேன்னு சொன்னா அது என்ன நினைக்கும்?”

கணவர் நாரைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தார். “டாக்டர் ரூமுக்குப் போயி, எனக்கு எங்க வலிக்குதுன்னு நீங்களே கண்டுபிடிங்கன்னு உக்காருற ஆளு நீ.” அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். ஆனாலும் இரவுச் சாப்பாட்டின்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் அந்த ஷூ வந்தது.

கேப்டனின் தள்ளுவண்டியில், ஒரு துணிப் பைக்குள், பழுப்புத் தோலில் ஒரு குழந்தையின் ஷூ ஜோடி. பையில் சீட்டு இல்லை, பெயர் இல்லை. பன்னிரண்டாம் எண் பேருந்தின் கடைசி இருக்கைக்கு அடியில் கிடைத்தது. அக்கா இரண்டையும் எடுத்து மேசைமேல் வைத்தார். வலது ஷூ சாதாரணமாக நின்றது. இடதின் அடிப்பாகம் மட்டும் இரண்டு விரல் தடிமனாக உயர்ந்திருந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் டீயைத் தொடவில்லை.

“ஒரு கால் குட்டை போல” என்றார் கேப்டன்.

“எட்டு, ஒம்பது வயசு இருக்கும்” என்றார் அக்கா. “இது இல்லாம அது எப்படி நடக்கும்?”

வழக்கமாக அக்காவுக்குப் பொருள்மேல் அவசரம் கிடையாது. ஆறு மாதம் வைத்திருக்கலாம் என்பது விதி, ஆறு மாதத்துக்குக் குடையும் கெடாது, பையும் கெடாது. ஆனால் இதற்கு வேறு கணக்கு இருந்தது. மனுதாரரிடம் கேட்டார்: ஒன்பது வயதுக் குழந்தைக்குக் கால் எவ்வளவு வேகமாக வளரும்? வருடத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர், அதிலும் குழந்தைக்குக் குழந்தை மாறும், இது பொதுக் கணக்குதான் என்று பிரித்துச் சொன்னது. அக்கா காலண்டரைப் பார்த்தார். ஆறு மாதம் இந்த ஷூ காத்திருக்கும், கால் காத்திருக்காது. சொந்தக்காரர்கள் ஒரு நாள் வந்து கேட்டாலும், அதற்குள் கால் உள்ளே நுழையாமல் போய்விட்டால் கொடுத்து என்ன பயன்? அந்த எண்ணம் வந்த நாளிலிருந்து அவருக்கு நிம்மதி போய்விட்டது.

அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டார்: ‘குழந்தையின் ஷூ ஒரு ஜோடி கிடைத்துள்ளது. அடையாளம் கூறிப் பெற்றுக்கொள்ளவும்.’ அதற்குமேல் ஓர் எழுத்து எழுதவில்லை. அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுப் பதினேழு பேர் வந்தார்கள். சிவப்பு என்றார் ஒருவர். விளக்கு எரியும் என்றார் இன்னொருவர். ஒரு அப்பா திக்கித் திணறி, “என் பையன் ஷூ… ஒண்ணுதாங்க தொலைஞ்சுது, ஒண்ணு வீட்டுல இருக்கு” என்றார். அவர் நிஜமாகவே தொலைத்தவர்தான், பொருள்தான் வேறு. ஒவ்வொருவர் படியேறி வரும்போதும் அக்காவின் கை தானாக அலமாரிப் பக்கம் போகும். அவர்கள் வாயைத் திறந்ததும் திரும்பி வரும்.

ஏழு வாரம் ஓடியது. மனுதாரரிடமும் கேட்காமல் இல்லை. “குழந்தை ஷூ, பழுப்புத் தோல், ஒட்டும் பட்டை, பேருந்தில் கிடைத்தது. சொந்தக்காரரை எப்படிக் கண்டுபிடிப்பது?” பள்ளிகளில் சொல்லுங்கள், அந்தத் தடத்தின் நிறுத்தங்களில் அறிவிப்பு ஒட்டுங்கள் என்று அது ஏதேதோ சொன்னது. எல்லாம் செய்தாயிற்று. ஒரு மதியம் அக்கா அலுத்துப்போய் அதே கேள்வியை மறுபடியும் அடித்தார். இந்தத் தடவை அது ஒரு கேள்வி கேட்டது.

‘மற்ற ஷூக்களிலிருந்து இதைத் தனியாகக் காட்டும் அடையாளம் ஏதாவது இருக்கிறதா?’

அக்கா கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மூக்கில் போட்டு இன்னொரு முறை படித்தார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

மறுநாள் டீ நேரத்தில் கேப்டனிடம் குமுறினார். “என்கிட்டயே அடையாளம் கேக்குது. இருபத்திரெண்டு வருசமா ஊரையே கேட்டவ நான், என்னையே கேக்குது.”

“சொல்ல வேண்டியதுதான?”

“அதெப்படிச் சொல்றது? நாளைக்கு அது இன்னொருத்தன்கிட்ட சொல்லி, அவன் வந்து ஒப்பிச்சான்னா?”

கேப்டன் டீயை ஆற்றிக்கொண்டே அலமாரியைக் காட்டினார். “ஏண்டி, ஒரு கால் உசந்த ஷூவைக் கதை அளந்து வாங்கிட்டுப் போயி எவன் என்ன பண்ணுவான்? அந்தக் குழந்தையைத் தவிர அது யாரு காலுக்கு ஆகும்? மணி கட்டுன பை வேற, இது வேற.”

மணி கட்டிய பை என்ற பேச்சை இத்தனை வருடத்தில் கேப்டன் எடுத்ததே இல்லை. அக்கா இரண்டு நாள் வேலையில் மூழ்கியவர்போல நடித்தார். ஏற்கெனவே எண் கட்டிய குடைகளுக்கு மறுபடியும் எண் கட்டினார். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தீங்கு வராது என்று இத்தனை காலம் நம்பியவருக்கு, ஏழு வாரமாக ஒரு குழந்தை நொண்டிக்கொண்டிருப்பது தன் மூடிய வாயால்தானோ என்ற எண்ணம் மண்டையைக் குடைந்தது. மூன்றாம் நாள் காலை, கவுண்டரைத் திறப்பதற்கு முன்னால், ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். ‘இடது ஷூவின் அடி மட்டும் இரண்டு விரல் உயரம்.’ அடித்துவிட்டு, யாரேனும் பார்த்தார்களா என்று கதவுப் பக்கம் பார்த்தார்.

பதிலை அவர் எதிர்பார்த்ததுபோல் ஒப்பிக்கவில்லை அது. இரண்டு கால்களின் உயரம் வேறுபடும் குழந்தைக்காகச் செய்த ஷூவாக இருக்கலாம், இது என் ஊகம் என்றது. அப்படியானால் கடையில் வாங்கியிருக்க மாட்டார்கள், செயற்கைக் கால்களும் தனி அளவு ஷூக்களும் செய்யும் பட்டறையில் அளவெடுத்துச் செய்திருப்பார்கள், அங்கே சில சமயம் உள் அட்டைக்கு அடியில் எண் குறித்து வைப்பது உண்டு, இருக்குமா என்று எனக்குத் தெரியாது, தூக்கிப் பாருங்கள் என்றது.

அக்கா தலையிலிருந்த கொண்டை ஊசியை உருவி உள் அட்டையை நெம்பினார். தூக்கிய இடத்தில் நீல மையில் ஐந்து இலக்கம். கால் வியர்வையில் கொஞ்சம் கலைந்திருந்தது.

படம் எடுத்துக் காட்டினார். உடனே ஐந்து இலக்கத்தையும் படித்துச் சொன்னது. மூக்கில் வியர்த்துவிட்டது அக்காவுக்கு. “எந்த இலக்கத்துல உனக்குச் சந்தேகம்?” மூன்றாவது, ஒன்றாகவும் இருக்கலாம், ஏழாகவும் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. அக்கா இரண்டு எண்களையும் தாளில் எழுதிக்கொண்டு, நகரத்தில் இருந்த மூன்று பட்டறைகளுக்கும் போன் போட ஆரம்பித்தார். முதல் இடத்தில் எடுக்கவில்லை. இரண்டாவது இடத்தில், நாங்கள் எண் குறிப்பதில்லை என்றார்கள். மூன்றாவது ஒரு மருத்துவமனையின் பின்கட்டில் இருந்த பட்டறை. எடுத்த மனிதரின் குரலுக்குப் பின்னால் ஏதோ தேய்க்கும் சத்தம் கேட்டது.

முதலில் ஒன்று போட்ட எண்ணைச் சொன்னார். “அது ஒரு பெரியவரோட செயற்கைக் காலுங்க” என்றார் பட்டறைக்காரர். ஏழு போட்ட எண்ணைச் சொன்னார். தேய்க்கும் சத்தம் நின்றது.

“பழுப்பு ஷூவா? ஐயோ, அந்தப் பொண்ணோடதா? குதிகால் தேஞ்சுபோச்சுன்னு சரிபண்ணி வாங்கிட்டுப் போனாங்க அவங்க அம்மா. போற வழில வாடகை வண்டில விட்டுட்டோம்னு மறுநாளே வந்து அழுதாங்க. வண்டி ஸ்டாண்டு ஸ்டாண்டா அலைஞ்சுட்டு இருக்காங்க இன்னும்.”

“பஸ்ல விட்டிருக்காங்க.”

“வண்டில பாதி தூரம், பஸ்ல பாதி தூரம் போயிருப்பாங்க. புதுசு செய்யலாம்னா எங்ககிட்ட வரிசைல இன்னும் நாலு மாசம் இருக்கு. அது வரைக்கும் பழைய ஷூல ரப்பரை வெட்டி ஒட்டிக்கிட்டுப் போகுது அந்தப் புள்ள. இடுப்பு வலின்னு சொல்லுதாம்.”

பெயரும் விலாசமும் தரமாட்டேன், நானே அவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன் என்றார் அவர். விதியை மதிக்கும் மனிதரை அக்காவுக்குப் பிடிக்கும். நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

மறுநாள் காலை வந்துவிட்டார்கள். அம்மா மூச்சிரைக்க முன்னால் வந்தார். பின்னால் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வந்தாள் சிறுமி. ஷூவைத் தயாராக எடுத்து வைத்திருந்தாலும் அக்கா கேட்காமல் கொடுப்பாரா?

“என்ன அடையாளம்?”

“பழுப்புங்க… இல்ல, கொஞ்சம் செம்பழுப்பு. பட்டை ரெண்டு, மூணா… வலது கால், ஐயோ இல்ல, இடது. இடதுதான் உசரம். இடதுதான?” என்று அம்மா மகளைப் பார்த்தார். இதைவிடத் திக்கிப் பேச ஒரு சொந்தக்காரரால் முடியாது.

“இடது ஷூல, உள்பக்கம், குதிகால்கிட்ட ஒரு மீன் இருக்கும்” என்றாள் சிறுமி, ஒரு திக்கலும் இல்லாமல். “நான் வரைஞ்சது. யாருக்கும் தெரியாது.”

அக்கா விளக்கடியில் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தார். நகம் அளவுக்கு ஒரு மீன் இருந்தது, கண்ணும் வாலுமாக. ஏழு வாரம் கையில் வைத்திருந்தவர் கண்ணிலும் அது படவில்லை, மனுதாரருக்குக் காட்டிய படத்திலும் அது விழவில்லை. “மீனு எனக்கே தப்பிச்சிருச்சே” என்றார் அக்கா. சிறுமி சிரித்தாள்.

அக்கா கவுண்டரைச் சுற்றி வெளியே வந்து, தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். அவருக்கு முழங்கால் ஒத்துழைக்காது, இருந்தாலும் உட்கார்ந்தார். வலது சுலபமாகப் போனது. இடது குதிகாலில் தட்டி நின்றது. “விரலை மடக்காத, கண்ணு. நேரா வை” என்றார் அக்கா. சிறுமி பல்லைக் கடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். உள்ளே போய்விட்டது. அக்கா முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அரை நகம் இடம் இருந்தது.

“இருக்கு” என்றார். “இன்னும் இடம் இருக்கு.”

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். சிறுமி எழுந்து நின்றாள். தோள் இரண்டும் நேராக இருந்தன. நடந்து பார்க்க வேண்டும், ஆனால் வெளியே பேருந்துக் கூட்டம் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அக்கா கவுண்டரின் மடக்குப் பலகையைத் தூக்கினார். ‘அந்நியர் உள்ளே வரக் கூடாது’ என்று அதில் எழுதியிருந்தது அவருடைய சொந்தக் கையெழுத்து.

“உள்ள வா. இங்க நட.”

சிறுமி குடைச் சந்து வழியாக அறையின் அந்தக் கடைசி வரை போனாள். முதலில் மெதுவாக, அலமாரியைப் பிடித்துப் பிடித்து. திரும்பி வரும்போது கையை எடுத்துவிட்டாள். சிமெண்டுத் தரையில் இரண்டு கால் சத்தமும் ஒரே அளவாகக் கேட்டது.

அதற்குள் கவுண்டரில் நான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் விரலால் மேசையைத் தட்டி, “மேடம், ஒரு கறுப்புக் குடை…” என்று ஆரம்பித்தார். சுவரில் மணி பதினொன்று. அக்கா இழுப்பறையைத் திறந்து, ‘மதிய உணவு இடைவேளை’ என்ற பலகையை எடுத்து அவர்களுக்கு முன்னால் நிறுத்தினார். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு, முதுகை அவர்களுக்குக் காட்டிக்கொண்டு, சந்தைப் பார்த்து உட்கார்ந்தார்.

“இன்னொரு தடவை நட, கண்ணு.”